கூலிப்படை என்று யாரைச் சொல்லலாம்?

கேள்வி இதுதான். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன் தமிழ்க் கட்டுரையில், 'சிங்கப்பூர் கூர்க்கா கூலிப்படையை வைத்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறான். ஆங்கிலத்தில் 'மெர்சினரி' என்று எங்கோ படித்ததை அகராதி பார்த்துத் தமிழாக்கியிருக்கிறான். அதைப் படித்த தாத்தா கொதித்துப் போய்விட்டார். ஆசிரியர் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். யார் பக்கம் நியாயம், அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், அதைவிட நல்ல சொல் உண்டா என்று கேட்கிறீர்கள்.

தாத்தாவின் கோபம் நியாயமானது. பையன் அகராதியைப் பார்த்ததிலும் தப்பில்லை. அகராதி பொருளைத்தான் தரும். ஒரு சொல் யாரைப் பார்த்து, என்ன முகத்தோடு சொல்லப்படுகிறது என்பதைத் தராது. மொழிபெயர்ப்பில் 20 வருடத்துக்கு மேல் காலம் தள்ளிவிட்டேன், இன்றும் இந்த ஒரு சொல் வந்தால் சற்று நின்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கூலியைப் பார்ப்போம். 'தெய்வத்தான் ஆகாது எனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்பது 619ஆம் குறள். உடம்பை வருத்தி உழைத்தால் அதற்கு ஏற்ற பலன் கிடைக்கும் என்று சொல்ல வந்த வள்ளுவருக்குக் கிடைத்த சொல் கூலி. அவருக்கு அதில் எந்த இழிவும் தெரியவில்லை. அப்புறம் வெள்ளைக்காரர் காலத்தில் அது கப்பலேறி ஆங்கிலத்துக்குள் போனது. தமிழிலிருந்துதான் போனது என்பார்கள் பலர், குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. சீனர்கள் அதே ஒலியை இரண்டு எழுத்துகளில் எழுதினார்கள். ஒன்றுக்குக் கசப்பு என்று பொருள், இன்னொன்றுக்கு உடல் வலிமை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மூட்டை தூக்கிய எல்லாருக்கும் அந்த ஒரே பெயர்தான். இங்கே வளர்ந்த நமக்கு அந்தச் சொல் வசையாகவே காதில் விழுவது அதனால்தான்.

'கூலிப்படை' அவ்வளவு புதிய சொல் இல்லை. குறளில் படைமாட்சி அதிகாரத்தில் 762ஆம் குறள் தொல்படையைப் பற்றிப் பேசுகிறது. போரில் தன் பக்கம் சிறுத்துப்போய் அழிவு வந்த நேரத்திலும் அஞ்சாமல் நிற்பது தொல்படையைத் தவிர மற்றவற்றுக்கு அரிது என்கிறது. அதற்கு உரை எழுதும் பரிமேலழகர் படையை ஆறு வகையாகச் சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. மூலப்படை என்பது தலைமுறை தலைமுறையாக அந்த அரச குடிக்கே நிற்பது. அதுதான் தொல்படை. கூலிப்படை, காசு கொடுத்துச் சேர்த்தது. அவருக்கு இது ஒரு படைவகையின் பெயர், அவ்வளவுதான். மூலப்படைக்குக் கீழே வைக்கிறார், திட்டவில்லை. அர்த்தசாஸ்திரம் எழுதிய கௌடில்யரிடமும் இதேபோல ஆறு வகை உண்டு. அவர் கணக்கில் கூலிக்குச் சேர்த்த படைக்கு இரண்டாம் இடம். எப்போதும் பக்கத்திலேயே இருக்கும், கூப்பிட்டால் உடனே எழும், சொன்னபடி கேட்கும் என்பது அவர் சொல்லும் காரணம்.

பிறகு எங்கே வந்தது இந்த இழிவு? காசு வாங்குவதாலா? அப்படிச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் 'சோல்ஜர்' என்ற சொல்லே 'சொலிடஸ்' என்ற ரோமானியத் தங்கக் காசின் வழியில் வந்தது. சம்பளம் வாங்குகிறவன் என்பதே அதன் அடிப்படைப் பொருள். 'மெர்சினரி' வந்த லத்தீன் சொல்லுக்கும் கூலி என்றுதான் பொருள். ஆக இரண்டு பேரும் காசு வாங்குகிறவர்கள். ஒருவனுக்குச் சிலை வைக்கிறார்கள், மற்றவனைக் காறித் துப்புகிறார்கள். 'ஃப்ரீலான்ஸ்' என்று நாங்கள் பெருமையாகப் போட்டுக்கொள்கிறோமே, அதுவும் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஆங்கில நாவலில், எந்தத் தலைவனுக்கும் கட்டுப்படாமல் காசுக்கு ஈட்டி தூக்கும் வீரனுக்கு வைத்த பெயர். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, யார் கொடுத்தாலும் மொழிபெயர்க்கிற நான் ஒரு வகையில் கூலிப்படைதான்.

தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு அழகான வழக்குகள் இருக்கின்றன. ஒன்று செஞ்சோற்றுக்கடன். உண்ட சோற்றுக்காக உயிர் கொடுப்பது. கர்ணன் நின்ற இடம் அது. துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தும் நின்றான். வாங்கியதற்குக் கொடுத்தான், ஆனால் அவனை யாரும் கூலிப்படை என்று சொல்வதில்லை. 'புரந்தார்கண் நீர்மல்கச் சாகிற்பின் சாக்காடு இரந்துகோள் தக்கது உடைத்து' என்பது 780ஆம் குறள். தன்னைக் காத்து வளர்த்தவரின் கண்ணில் நீர் நிறையும்படி ஒருவன் சாக முடியுமென்றால், அந்தச் சாவைக் கெஞ்சியாவது வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். இன்னொரு வழக்கு, கூலிக்கு மாரடிப்பது. செத்தவர் யாரென்றே தெரியாமல் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவது. கண்ணீர் இருக்கும், துக்கம் இருக்காது. நம் காதில் 'கூலிப்படை' என்றதும் விழுவது இந்த மாரடிப்புதான். வாங்கிய காசு அங்கே உறுத்துவதில்லை. பற்று இல்லை என்பதுதான் உறுத்துகிறது. கூலிப்படை என்று ஒருவரைச் சொன்னால், 'உனக்கு இதில் மனசு இல்லை, நாளைக்கு எதிராளி பத்து வெள்ளி கூடக் கொடுத்தால் அங்கே போய்விடுவாய்' என்று சொன்னதாகிறது. பையனின் வாக்கியத்தில் தாத்தாவுக்குக் கேட்டது இது.

பற்று இருக்கிறதா இல்லையா என்பது எப்போதும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிடாது. வேளைக்காரப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்தில் இவர்கள் அரசனுக்காக வேளை வந்தால் உயிர் விடுவோம் என்று உறுதி எடுத்துக்கொண்டவர்கள் என்பார்கள். 11ஆம் நூற்றாண்டில் இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடமும் வேளைக்காரர்கள் இருந்தார்கள். அயலூரிலிருந்து வந்து, சிங்கள அரசனிடம் பொருள் பெற்று நின்ற படை. அகராதிப்படி சுத்தமான கூலிப்படை. அரசன் அவர்களைச் சோழர் மீது அனுப்ப நினைத்தபோது மறுத்துக் கலகம் செய்தார்கள். பொலன்னறுவை அரண்மனை எரிந்தது, கலகத் தலைவர்களும் பிறகு கொடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம். அதே வேளைக்காரர்கள் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப் பல் வைத்த கோயிலைக் காப்போம் என்று உறுதி சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. காசுக்கு வந்தவர்கள்தான், ஆனாலும் 'இவர்களோடு சண்டை போட மாட்டோம்' என்று ஒரு கோடு வைத்திருந்தார்கள்.

இதே கதை நம்மூரிலும் நடந்தது. 1915 பிப்ரவரி 15, முதல் உலகப் போர்க் காலம், சீனப் புத்தாண்டு விடுமுறை நேரம். சிங்கப்பூரில் காவலுக்கு இருந்த 5ஆம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கலகத்தில் இறங்கினார்கள். அந்தப் படை முழுக்க முஸ்லிம்கள். உண்மையில் ஹாங்காங்குக்குப் போக வேண்டிய படை அது. ஆனால் துருக்கிக்கு எதிராக, தம் மதத்தவரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்று வதந்தி பரவியிருந்தது. கலகம் அடங்கிய பிறகு 47 பேரை அவுட்ரம் சிறைச் சுவரோரம், ஊர் பார்க்க, சுட்டுக் கொன்றார்கள். வேளைக்காரர்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் 800 வருடம். இன்று பொது மருத்துவமனை இருக்கும் பக்கத்துக்குச் சிப்பாய் லைன்ஸ் என்று ஒரு பெயர் உண்டு, கன்டோன்மெண்ட் ரோடும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள் பாளையம் போட்ட இடத்தின் நினைவு. 1819இல் ராஃபிள்ஸோடு வந்திறங்கியவர்களிலேயே சிப்பாய்கள் இருந்தார்கள். தேசிய இயக்கக் காலத்து மேடையில் அவர்களை வெள்ளையனின் கூலிப்படை என்று சொல்வது எளிது. பஞ்சத்தில் அடிபட்டுப் படையில் சேர்ந்தவனின் குடும்பத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, இன்றைய வழக்குக்கு வருவோம். இங்கே ஒரு கூடுதல் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்திகளில் 'கூலிப்படை' என்றால் போர்க்களமே நினைவுக்கு வராது. நிலத் தகராறிலோ அரசியல் பகையிலோ பணம் வாங்கிக்கொண்டு ஆளை வெட்டும் கும்பலுக்கு அந்தப் பெயர். 'கூலிப்படையை ஏவிக் கொலை' என்பது அங்கே மாதத்துக்கு நாலு முறை வரும் தலைப்பு. 2023 ஜூனில் ரஷ்யாவில் வாக்னர் என்ற தனியார் ஆயுதக் குழு கலகம் செய்து மாஸ்கோவை நோக்கிக் கிளம்பியபோது, திருச்சியிலிருந்து என் மாமியார் போனில் கேட்டார்: "ரஷ்யாவிலயும் கூலிப்படையா? யாரை வெட்டினாங்க?" எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு அரிவாளும் இரண்டு சக்கர வண்டியும்தான் அடையாளம். ஐந்து பேர் கொண்ட கொலைக் கும்பலுக்குப் 'படை' என்ற பட்டம் எதற்கு என்று எனக்கு இன்றும் புரியவில்லை. சிங்கப்பூரில் அந்த மாதிரி ஆட்களைக் குண்டர் கும்பல் என்கிறோம். எனக்கு அது பிடிக்கும். படையைப் படைக்காகவே மிச்சம் வைக்கிறது.

சட்டத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பேச்சில் யாரை வேண்டுமானாலும் கூலிப்படை என்று திட்டலாம். சர்வதேசச் சட்டத்தில் ஒருவரைக் கூலிப்படையாள் என்று நிறுவுவது ஏறக்குறைய முடியாத காரியம். 1976இல் அங்கோலாவின் லுவாண்டாவில் 13 வெளிநாட்டவர் மீது, பெரும்பாலும் பிரிட்டிஷார், கூலிப்படையினர் என்று வழக்கு நடந்து, 4 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுவருடம், 1977இல், ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை வந்தது. அதன் 47ஆம் பிரிவு ஆறு நிபந்தனைகள் வைக்கிறது. குறிப்பிட்ட ஒரு போரில் சண்டையிடவே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். நேரடியாகச் சண்டையிலும் இறங்கியிருக்க வேண்டும். முக்கிய நோக்கம் சொந்த லாபமாக இருக்க வேண்டும், அதே தரத்திலுள்ள ராணுவ வீரருக்குக் கிடைப்பதைவிட மிக அதிகமான தொகை பேசப்பட்டிருக்க வேண்டும். போரிடும் நாடுகளின் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்கக் கூடாது. அந்த நாடுகளின் ராணுவத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. வேறொரு நாடு தன் ராணுவத்திலிருந்து அதிகாரப்பூர்வமாக அனுப்பியவராகவும் இருக்கக் கூடாது. ஆறும் ஒன்றாகப் பொருந்த வேண்டும், ஒன்று நழுவினாலும் கூலிப்படையாள் இல்லை. அடுத்தவனின் நோக்கம் காசா கொள்கையா என்பதை எந்த நீதிமன்றம் எப்படி அளக்கும்?

இந்தக் கோலை வைத்து வாக்னரை அளந்தால் விசித்திரமாக இருக்கும். உக்ரைனில் அதில் சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் ரஷ்யர்கள், சிறையிலிருந்து எடுத்துச் சேர்த்தவர்களும் உண்டு. போரிடும் நாட்டின் குடிமக்கள் என்பதால் நாலாவது நிபந்தனையிலேயே கழன்றுவிடுகிறார்கள். கலகத்துக்குப் பிறகு, அந்தக் குழுவுக்கு முழுச் செலவும் அரசுதான் செய்தது என்று புட்டினே சொன்னார். அப்படியானால் உலகமே கூலிப்படை என்று சொன்ன அந்தக் குழு, உக்ரைன் களத்தில், சட்டப்படி கூலிப்படை இல்லை. அதே குழுவின் ஆள் ஆப்பிரிக்காவில் வேறொரு நாட்டின் சண்டையில் துப்பாக்கி தூக்கினால் கணக்கு மாறக்கூடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. அந்தப் பட்டம் ஒட்டிவிட்டால், பிடிபட்டவருக்குப் போர்க்கைதி என்ற உரிமை போய்விடும். 2022 ஜூனில், உக்ரைன் ராணுவத்தில் இருந்ததாகச் சொன்ன இரண்டு பிரிட்டிஷாருக்கும் ஒரு மொராக்கோக்காரருக்கும், ரஷ்ய ஆதரவு டொனெட்ஸ்க் பிரிவினைவாதிகளின் நீதிமன்றம் கூலிப்படையினர் என்று சொல்லி மரண தண்டனை விதித்தது. ராணுவ உறுப்பினர் என்றால் ஐந்தாவது நிபந்தனை அடிபட்டுப் போகிறது. அதை அங்கே யார் காதில் வாங்கினார்கள்? அந்த செப்டம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் அவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. போரே இல்லாத இடத்தில் ஆட்சியைக் கவிழ்க்க ஆள் பிடித்தால்? 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில் அதுதான் நடந்தது. ஒரு மாலத்தீவு வணிகருக்காக, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு ஒன்றான புளொட்டைச் சேர்ந்தவர்கள் படகில் வந்து மாலேயில் இறங்கினார்கள். இந்தியா ஆக்ராவிலிருந்து பாராசூட் படையை விமானத்தில் அனுப்பியதும் முயற்சி உடைந்தது. 1989 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, கூலிப்படைக்கு எதிரான உடன்படிக்கை இந்த மாதிரி ஆட்சிக் கவிழ்ப்பையும் தன் விளக்கத்துக்குள் கொண்டுவந்தது. மாலத்தீவுக்குப் போனவர்களைக் கூலிப்படை என்று எழுத எனக்குத் தயக்கம் இல்லை. அவர்களுக்கு அந்தத் தீவோடு என்ன பற்று?

இப்போது கூர்க்காக்கள். தமிழ்நாட்டில் கூர்க்கா என்றால் ராத்திரியில் விசிலடித்துக்கொண்டு தெருவில் நடக்கும் காவலாளி. நமக்கோ அகன்ற தொப்பியும் இடுப்பில் குக்ரிக் கத்தியும். சிங்கப்பூர்க் காவல்துறையின் கூர்க்காப் பிரிவு 1949 ஏப்ரலில் உருவானது. அதற்கு முன் அந்த இடத்தில் சீக்கியப் பிரிவு இருந்தது. நேபாளத்தில் பிரிட்டிஷ் ராணுவம் நடத்தும் தேர்விலேயே இங்கே வருகிறவர்களையும் எடுக்கிறார்கள். மவுண்ட் வெர்னனில் முகாம். 2018 ஜூனில் டிரம்ப்பும் கிம்மும் இங்கே சந்தித்தபோது பாதுகாப்புக்கு நின்றவர்களில் அவர்களும் உண்டு. ஆறு நிபந்தனையில் வைத்துப் பாருங்கள். எந்தப் போருக்காகவும் சேர்க்கப்படவில்லை. அரசின் காவல்துறையில் முறையான உறுப்பினர்கள். முதல் படியிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் சுவாரஸ்யம் சட்டத்தில் இல்லை. லீ குவான் இயூ தன் நினைவுகளில், 1965இல் ஆக்ஸ்லி ரோட்டு வீட்டுக்குக் கூர்க்காக்களைக் காவல் வைத்ததன் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். சீனக் காவலர் மலாய்க்காரரைச் சுட்டாலோ, மலாய்க் காவலர் சீனரைச் சுட்டாலோ ஊரே பற்றி எரியும். கூர்க்காக்கள் நடுநிலையாளர்கள், கட்டுப்பாட்டுக்கும் விசுவாசத்துக்கும் பெயர் போனவர்கள். 1964 இனக் கலவரங்களைப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம். எந்தப் பற்றின்மையை 'கூலிப்படை' என்ற சொல் பழிக்கிறதோ, அதையே இந்த ஊர் தேடிப் போய்க் கொண்டுவந்தது. எந்த இனத்தின் பக்கமும் சாயாதவர்கள், வேலைக்கு மட்டும் விசுவாசமானவர்கள். தாத்தாவின் கோபத்துக்கு அடியில் இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடமே ஒருநாள் மெதுவாகக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் பையன் நிச்சயம் அடுத்துக் கேட்பான்: தேசிய சேவைக்குப் பிறகு சம்பளத்துக்கு ராணுவத்திலேயே தொடர்கிறவர்? அவர் நிரந்தரப் படைவீரர். தன் நாட்டுக்காக நிற்பவரைச் சம்பளம் கூலிப்படையாக்காது.

வேறு சொற்களைப் பொறுத்தவரை, 'வாடகைப் படை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு நாற்காலி வாடகை நினைவுக்கு வருகிறது. ஒப்பந்த அடிப்படையில் இயங்கும் கம்பெனிகளுக்குத் 'தனியார் ராணுவ நிறுவனம்' பொருத்தம். 2007இல் பாக்தாதில் 17 பொதுமக்களைச் சுட்டுக்கொன்ற அமெரிக்க பிளாக்வாட்டர் நிறுவனத்து ஆட்களைப் பற்றி எழுதும்போது அதையே போட்டேன். நடந்ததைச் சொன்னாலே போதும், பட்டம் கொடுக்கிற வேலையை வாசகர் பார்த்துக்கொள்வார். கொள்கைக்காகவோ மதத்துக்காகவோ எல்லை தாண்டிப் போகிறவர்கள் 'வெளிநாட்டுப் போராளிகள்'. அரசோடு ஒட்டிக்கொண்டு தன் சொந்த மக்களுக்கு எதிராக நிற்கும் ஆயுதக் குழுவை இலங்கைத் தமிழர் 'ஒட்டுக்குழு' என்பார்கள். கசப்பு சொட்டும் சொல், இதற்கு நிகராக வேறு மொழியில் நான் பார்த்ததில்லை. 'துணைப்படை' பரிமேலழகர் பட்டியலில் நட்பு நாடு அனுப்பும் படை, அதைக் கூலிப்படைக்குப் போட்டுவிடாதீர்கள். வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப்போய் ரஷ்ய ராணுவத்தில் மாட்டிவிடப்பட்ட இந்திய, நேபாள இளைஞர்களைப் பற்றிய செய்திகளிலும் 'கூலிப்படை' என்று சிலர் போட்டார்கள். படிக்கவே சங்கடமாக இருந்தது. சமையல் வேலை, உதவியாள் வேலை என்று நம்பிப் போனவர்கள் அவர்களில் உண்டு.

பையனின் வாக்கியத்தை இப்படித் திருத்தச் சொல்லுங்கள்: 'சிங்கப்பூர்க் காவல்துறையில் நேபாளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கூர்க்காப் பிரிவு ஒன்று 1949 முதல் பணியாற்றுகிறது.' ஆசிரியர் போட்ட கேள்விக்குறியை அழிக்க வேண்டாம். அதற்குப் பக்கத்தில், தான் ஏன் அந்தச் சொல்லை மாற்றினான் என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்கட்டும்.